ஒரு மண்டை, ரெண்டு வேண்டுதல்

பேத்தி யூ.கே.ஜி. முடித்ததுக்குப் பட்டம் குடுக்கிறார்கள் என்று மருமகள் சொன்னபோது நான் நம்பவில்லை. போனில் படம் காட்டினாள். போன வருசத்துப் பிள்ளைகள். கறுப்பு அங்கி, சதுரத் தொப்பி, தொப்பியிலிருந்து ஒரு குஞ்சம். பார்க்க வக்கீல் மாதிரியும் இருந்தது, பூம்பூம் மாடு மாதிரியும் இருந்தது.

"இதுக்கு மேல இவ படிக்க வேண்டியதில்லையா?" என்று கேட்டேன்.

"மாமா, இது சும்மா ஒரு சந்தோசத்துக்கு."

நான் மூணாப்பு. எனக்கு யாரும் தொப்பி போடவில்லை. வாத்தியார் வெளியே போடா என்றார். வந்துவிட்டேன்.

எனக்குத் தொழில் ஜீப்பு. சின்னமனூரில் வீடு. விடிய ஏலத்தோட்டத்துக்குப் போகிற பொம்பளையாட்களை ஏற்றிக்கொண்டு கேரள எல்லையில் கம்பமெட்டு மலை ஏறுவேன். சாயங்காலம் இறக்குவேன். அவர்கள் பேசுவார்கள், நான் ஓட்டுவேன். முப்பது வருசமாக அப்படித்தான். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து எட்டு வருசம். மகன் துபாயில் ஏ.சி. மெக்கானிக். மருமகள் தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சு. வீட்டில் நான், மருமகள், பேத்தி. மூணு பேர்.

மருமகள் வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவம். மகன் அவனாகப் பார்த்துக் கட்டியது. அவள் அப்பா கெங்குவார்பட்டிப் பக்கம், வாத்தியாராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். நல்ல மனுசன்தான். வாய் மட்டும் மூடாது. ஒரு பேச்சை ஆரம்பித்தார் என்றால் நான் ஒரு டீ குடித்து, டயருக்குக் காத்துப் பிடித்துவிட்டு வந்து ம் சொல்லலாம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. அவரும் எங்கள் வீட்டில் காப்பித்தண்ணி குடித்ததில்லை. பேத்தியைக் கூப்பிட வந்தால் பைக்கில் இருந்தபடியே ஹாரன் அடிப்பார். சண்டை ஒண்ணும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருப்போம்.

பேத்தி ஏழாம் மாசத்திலேயே பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அந்தக் கோடியில் சம்மந்தி, இந்தக் கோடியில் நான். இருபது நாள் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர் மனசுக்குள் வேளாங்கண்ணி மாதாவிடம் பேசினார். நான் எங்கள் குலசாமியிடம் பேசினேன். பிள்ளை பிழைத்தால் முதல் முடி உனக்கு என்று அவரும் நேர்ந்தார், நானும் நேர்ந்தேன். ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. அன்றைக்கு அவள் தலையில் இருந்ததே நாலு முடி. நாலு முடிக்கு ரெண்டு சாமி.

பிள்ளை பிழைத்தது. அப்புறம்தான் விசயம் தெரிந்தது. மகன் துபாயிலிருந்து போனில் சொன்னான்: "யாருக்கும் கிடையாது. முடி அது பாட்டுக்கு வளரட்டும்."

வளர்ந்தது. அஞ்சு வருசம் கத்தரி படாத முடி. இடுப்புக்கு வந்துவிட்டது. மருமகள் அதைக் கொடி மாதிரி வளர்த்தாள். எண்ணெய் என்ன, சீயக்காய் என்ன. ரெட்டைச் சடை போட்டு முன்னால் எடுத்துவிட்டால் பார்க்கிறவர்கள் ஒரு நிமிசம் நிற்பார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் குலசாமி கண்ணு முன்னால் வந்து நிற்கும். என்னப்பா ஆச்சு என்று கேட்கும். எனக்கும் பேச்சு வராது, அதுக்கும் பொறுமை உண்டு. அதனால் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு வண்டி லீவு. காலையில் மருமகள் பேத்தியைப் பூசைக்குக் கூட்டிப்போவாள். பதினோரு மணிக்கு மேல் பேத்தி எனக்கு. ஜீப்பில் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கே என்று இல்லை. வாய்க்கால் பாலத்தில் நிறுத்தித் தண்ணீர் பார்ப்போம். திராட்சைத் தோட்டத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் உள்ளே விடுவார்கள். பஜ்ஜி தின்போம். அவள் பேசுவாள், நான் ஓட்டுவேன். ஆறு நாள் மலை ஏறி இறங்கியதுக்கு எனக்கு மிச்சம் அந்த ஒரு நாள்தான்.

பட்டம் குடுக்கிறது சனிக்கிழமை. அதுக்கு முந்தின புதன்கிழமை பேத்தி எனக்கு ஒரு சேதி சொன்னாள்.

"தாத்தா, நான் லீவுல ரயில்ல போப்போறேன்."

"எங்கன?"

"வேளாங்கண்ணி. வாத்தியார் தாத்தா கூட. அம்மாட்டச் சொல்லக்கூடாதாம். அங்கன மொட்டை போட்டா மீன் வறுவல் வாங்கித் தருவாகளாம்."

ரகசியம் காக்கிற வயசா அது. வாய் ஓயாத மனுசன் இதை மட்டும் வாயைத் திறக்காமல் செய்கிறார் பாருங்கள்.

யோசித்தேன். எங்கள் குலசாமிக்குச் சனிக்கிழமைதான் நாள். மற்ற நாளில் பூசாரி வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போய்விடுவார், கதவு பூட்டு. முடி இறக்கினால் ஒத்தைப்படை வயசில்தான் இறக்க வேண்டும். பேத்திக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அஞ்சு முடிந்து ஆறு பிறக்கிறது. எப்படிப் பார்த்தாலும் மிச்சம் இருந்தது ஒரே சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைதான் பட்டம்.

அன்றைக்குப் பார்த்து மருமகளுக்கு முந்தின நாள் நைட் டூட்டி. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்துவிடுகிறேன் என்றாள்.

"மாமா, பக்கத்து வீட்டு அக்கா ரெட்டைச் சடை போட்டுவிடும். பத்து மணிக்கு மண்டபத்துல இறக்கிவிடுங்க. போட்டோவுல சடை ரெண்டும் முன்னாடி வரணும், மிஸ்ஸுகிட்டச் சொல்லுங்க. அவருக்கு அனுப்பணும்."

ம் என்றேன். அன்றைக்கு மலைக்கு வேறு வண்டியைச் சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு மண்டபம். எட்டு மணிக்குக் கிளம்பினால் குச்சனூர் தாண்டிக் கோயிலுக்குப் போய்த் திரும்ப நேரம் தாராளம். முடியைப் பற்றியும் யோசித்துத்தான் வைத்திருந்தேன். தலையில்தான் தொப்பி போடப்போகிறார்களே. தொப்பி போட்டால் உள்ளே மண்டை எப்படி இருந்தால் யாருக்குத் தெரியும்? சாமிக்குச் சாமியும் ஆச்சு, பட்டத்துக்குப் பட்டமும் ஆச்சு. மூணாப்புப் படிப்பு அம்புட்டுத் தூரம்தான் யோசிக்கும்.

ஜீப்பு குச்சனூர் ரோட்டில் திரும்பியதும் பேத்தி எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, மண்டபம் இந்தப் பக்கம் இல்ல."

"தெரியும் ஆத்தா."

கோயிலில் பூசாரி இருந்தார். முடி எடுக்கிற பெரியவர் வேப்பமரத்தடியில் கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டிருந்தார். சடை ரெண்டையும் தூக்கிப் பார்த்தார். எடை பார்க்கிற மாதிரி.

"பிள்ளையப் பெத்த தாயி எங்க?"

"வேலைக்குப் போயிருக்கு."

"தாயிக்குச் சம்மதம்தான?"

"ம்."

என் ஆயுசில் நான் சொன்ன பெரிய பொய் அந்த ஒரு எழுத்துதான்.

பேத்தி கேட்டாள்: "மொட்டையா? மீன் வறுவல் உண்டா?"

"உண்டு."

"அப்பச் சரி."

என் மடியில் உட்கார்ந்தாள். அழவில்லை. பாதியில் ஒரு தடவை தொட்டுப் பார்த்து, "தாத்தா, காத்து வருது" என்றாள். அம்புட்டுத்தான். அஞ்சு வருசத்து முடி கால் மணி நேரத்தில் தரையில் கிடந்தது. பெரியவர் மண்டையைத் தண்ணி ஊற்றித் துடைத்துச் சந்தனத்தை அப்பினார். சாமி முன்னால் நின்றேன். கடன் தீர்ந்தது என்று நெஞ்சு லேசானது. அந்த லேசு மண்டபத்து வாசல் வரைக்கும் இருந்தது.

வாசலில் நின்ற மிஸ்ஸு என்னைத் தெரிந்தவர்தான். பேத்தியைத் தெரியவில்லை.

"தாத்தா, பாப்பா எங்க? இது யாரு?"

"இதுதான்."

"ஐயோ" என்றார். பொம்பளைகள் ஐயோ சொல்வதில் பல தினுசு உண்டு. இது எனக்காகச் சொன்ன ஐயோ.

அங்கியை மாட்டினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி இறங்கியது. மூக்கில் வந்து நின்றது. ரெண்டு வாரம் முன்னால் சடையோடு சேர்த்து அளவெடுத்த தொப்பி அது. எனக்கு யார் சொன்னது?

மிஸ்ஸு கைப்பையிலிருந்து ஹேர்பின் எடுத்தார். எதில் குத்துவது என்று ஒரு சுற்றுப் பார்த்தார். திரும்பப் பைக்குள் போட்டுவிட்டார்.

நான் தோள்துண்டைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்தேன். இப்போது மூக்கில் இறங்கவில்லை. ஒரு முழம் மேலே நின்றது. பேத்தி திரும்பினால் தொப்பி திரும்பவில்லை. சந்தனம் வேறு வழுக்கியது.

"தாத்தா, எனக்குத் தொப்பி வேணாம்" என்றாள்.

"போட்டுக்க ஆத்தா."

"ஏன்?"

துண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

அந்த நேரம் சம்மந்தி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனா. தூரத்திலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் கூட்டம், ரோட்டில் குழி, வெயில் எல்லாத்தையும் சொல்லி முடித்துவிட்டு, "எங்க என் பேத்தி?" என்றார்.

"இந்தா."

தொப்பியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். சோறு வெந்ததா என்று மூடியைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி. மூடிவிட்டார். மறுபடி தூக்கிப் பார்த்தார். பேச்சு நின்றுபோனது. நான் பார்த்து அது முதல் தடவை. ஆள் செத்துகித்துப் போவாரோ என்று பயந்தேன்.

"சம்மந்தி, என்ன இது?"

"மொட்டை."

"மொட்டைன்னு தெரியுதுல்ல. மாதாவுக்கு நேர்ந்த முடிய்யா அது!"

"எங்க சாமிக்கும் நேர்ந்ததுதான்."

"நான்தான் முதல்ல நேர்ந்தேன்."

"எப்ப?"

"பிள்ளையப் பெட்டியில வச்ச அன்னைக்கு. சாயங்காலம் நாலு மணி."

"நான் மூணே முக்கால்."

"யாரு சொன்னா?"

"என் தலைக்கு மேல கடிகாரம் இருந்துச்சு."

"அது ஓடாத கடிகாரம்! நான் இருபது நாளும் பாத்தேன், மூணே முக்கால்லயேதான் நின்னுச்சு!"

அதற்குள் மைக்கில் வாழ்த்துப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் எழுந்தார்கள். நாங்களும் கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றோம். முடிகிற வரைக்கும் ரெண்டு பேரும் அசையவில்லை. முடிந்ததும், "ஓடிச்சு" என்றேன்.

"ஓடல."

ஓடவில்லை என்பது எனக்கும் தெரியும்.

விழா நடந்தது. ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் கூப்பிட்டார்கள். மேடை ஏறி, சுருட்டின காகிதத்தை வாங்கி, குஞ்சத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு இறங்க வேண்டும். ஒரு பையன் ஏறினதும் அழுதான். ஒருத்தி இறங்க மாட்டேன் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருமகள் பாதியில் வந்தாள். தோளில் பை. ராத்திரி முழுக்க நின்ற கால். சுவரோரம் நின்று கூட்டத்தில் பிள்ளையைத் தேடினாள். அவள் தேடினது சடையை. அது எனக்குத் தெரிந்தது. சடை போட்ட தலை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இது இல்லை, இது இல்லை. சடை இல்லாத தொப்பித் தலை ஒன்று அவள் கண் முன்னாலேயே இருந்தது. அதைத் தாண்டிப் போனாள்.

அப்புறம் மைக்கில் பேத்தி பேரைக் கூப்பிட்டார்கள்.

பேத்தி மேடை ஏறினாள். ரெண்டாவது படியில் தொப்பி துண்டோடு கழன்று உருண்டது. அவள் நின்று, குனிந்து எடுத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். லைட்டு வெளிச்சத்தில் சந்தன மண்டை பளபளத்தது. காகிதத்தைத் தொப்பிக்குள் வாங்கினாள். கூட குடுத்த மிட்டாயையும் தொப்பிக்குள் வாங்கினாள். இன்னும் ஏதாவது உண்டா என்று ஏந்திக்கொண்டு நின்றாள். மண்டபமே சிரித்துக் கைதட்டியது. அன்றைக்கு அம்புட்டுக் கைதட்டு வேறு யாருக்கும் இல்லை.

மருமகள் கைதட்டவில்லை. பையைக் கீழே வைத்தாள். அம்புட்டுத்தான் செய்தாள்.

போட்டோக்காரன் பிள்ளையை நிறுத்தி வைத்துவிட்டு மருமகளிடம், "கவலப்படாதீக அக்கா. கம்ப்யூட்டர்ல முடி வச்சுரலாம்" என்றான்.

"எவ முடிய?"

அவன் கேமராவைத் துடைத்தான்.

"இருக்கறத எடுங்க" என்றாள்.

விழா முடிந்து ஹோட்டலுக்குப் போவதாக முன்னாலேயே பேச்சு. போகாமல் இருந்திருக்கலாம். பேத்தி விடவில்லை. மீன் வறுவல் என்று அங்கியோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஹோட்டல். நாலு பேர் ஒரு மேசை. சம்மந்தியும் நானும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது மகன் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான். இலை வந்தது. பேத்தி மட்டும் சாப்பிட்டாள்.

மருமகள் சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"நான் அவளப் பெத்தவ மாமா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா வேண்டாம்ப."

"ஆமா. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

சொன்ன பிறகுதான் அது எம்புட்டுக் கேவலமான பதில் என்று என் காதிலேயே விழுந்தது. திருப்பி எடுக்க முடியாது. மலையில் ரிவர்ஸ் எடுத்துவிடுவேன், பேச்சில் வராது.

சம்மந்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாக் கேளும்மா. நாங்க இத்தன வருசம் வாயத் தொறந்தமா? ஒரு மரியாதைக்குக் காத்திருந்தோம். இவுக என்னடான்னா..."

"அப்பா. வேளாங்கண்ணிக்கு எத்தன டிக்கெட் போட்டிருக்கீக?"

சம்மந்தி தண்ணீர் குடித்தார்.

"மூணு."

"எனக்குச் சேத்தா?"

"இல்லம்மா, உங்கம்மாவுக்கு. உனக்குத்தான் டூட்டி இருக்குமேன்னு..."

"பாப்பா சொல்லிட்டா. போன வாரமே சொல்லிட்டா. நீங்களா எப்ப சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

பேத்தி முள்ளெடுத்துக்கொண்டிருந்தாள். ரெண்டு தாத்தாவும் அவளைப் பார்த்தோம். "நான் அம்மாட்டச் சொல்லலையே, காதுலதான் சொன்னேன்" என்றாள்.

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, ஞாயித்துக்கிழமை இனிமே பாப்பாவ வெளிய கூட்டிட்டுப் போக வேண்டாம்."

"எதுவரைக்கும்?"

"மறுபடி ரெட்டைச் சடை போடுற அளவுக்கு முடி வரட்டும். அன்னைக்கு ஜீப்புல ஏத்துங்க."

நான் பேத்தி மண்டையைப் பார்த்தேன். ஒரு புல்லுகூட இல்லை. மலையில் தேயிலையைக் கவாத்து வெட்டினதுகூட இப்படி இருக்காது.

"சரிம்மா" என்றேன். சோற்றைப் பிசைந்தேன். குடுத்த காசுக்காகத் தின்றேன்.

சம்மந்தி மெதுவாகக் கேட்டார். "அப்ப மாதாவுக்கு?"

"டிக்கெட்ட ரத்து பண்ணுங்க. இனிமே என்னைக் கேட்டுச் செய்யிறதா இருந்தா, முடி வந்ததும் அடுத்த வருசம் பாப்போம்."

அந்தப் பேச்சில் எனக்கு வைத்திருந்த கண்ணி அப்போது எனக்குப் புரியவில்லை. தண்டனையைக் கேட்ட மயக்கத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப்பைக் கழுவினேன். அடுத்த ஞாயிறும் கழுவினேன். தெருவில் அம்புட்டுச் சுத்தமான ஜீப்பு வேறு இல்லை. பேத்தி வந்து என் முன்னால் தலையைக் குனிவாள்.

"எம்புட்டு வந்திருக்கு தாத்தா?"

"ஒரு நெல்லு நீளம்."

"போதாதா?"

"போதாது."

வண்டியில் ஏறுகிற பொம்பளையாட்களுக்கு எப்படியோ விசயம் தெரிந்துவிட்டது. மெட்டு ஏறி முடிக்கிறதுக்குள் ஆளுக்கொரு எண்ணெய் சொல்வார்கள். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, சின்ன வெங்காயச் சாறு. அந்தப் பக்கத்திலிருந்து மலையாளத்து எண்ணெய் ஒன்று வாங்கி வந்து குடுத்தாள் ஒருத்தி. "அண்ணே, இது தேச்சா கல்லுல முளைக்கும்" என்றாள். எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு வந்து அலமாரியில் வைப்பேன். மருமகள் ஒன்றும் சொல்லாமல் தேய்த்துவிடுவாள். என்னோடு பேசாமல் இல்லை. சோறு போடுவாள், மாமா மருந்து சாப்பிட்டீகளா என்பாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் பேச்சில்லை.

தீபாவளிக்கு முடி காது மடலைத் தொட்டது. அன்றைக்கு சம்மந்தி வந்து ஹாரன் அடித்தார். பேத்தி ஓடினாள். அவர் அவள் முடியை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "நல்லா வருது, நல்லா வருது. சித்திரைக்குள்ள சடை போட்டுரலாம். வேளாங்கண்ணி போயிரலாம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சடை போடுகிற அளவு முடி வந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. அதே சடை வந்தால் அவருக்கு மொட்டை. அவர் மொட்டை போட்டால் எனக்கு மறுபடி முதலிலிருந்து. நான் எண்ணெய் தேய்த்து வளர்ப்பது, அவர் வழிப்பதற்கு.

அடுத்த ஞாயிறு ஜீப்பைக் கழுவவில்லை. கெங்குவார்பட்டிக்கு ஓட்டினேன். சம்மந்தி வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஹாரன் அடிக்கவில்லை. இறங்கி உள்ளே போனேன்.

சம்மந்தியம்மா காப்பி குடுத்தார்கள். சம்மந்தி அரை மணி நேரம் பேசினார். மழை, பென்சன், பக்கத்து வீட்டு நாய். நான் ஏன் வந்தேன் என்று கேட்க அவருக்குப் பயம். காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"பாப்பா முடிய விட்ருங்க. மாதாவுக்கு என் முடிய எடுத்துக்கங்க."

என் தலையைப் பார்த்தார். சிரித்தார். "சம்மந்தி, உங்க தலையில எங்கன முடி இருக்கு? சுத்துச்சுவரு மாதிரி ஓரத்துல கொஞ்சம் நிக்கிது. இதப் போயி மாதாகிட்டக் குடுத்தா நம்மள என்னன்னு நெனப்பாக?"

"மீசையும் தாரேன்."

பேச்சு நின்றது. ரெண்டாவது தடவை.

என் மீசையைப் பற்றி நானே சொல்லக்கூடாது. இருபது வயசிலிருந்து இருக்கிறது. மெட்டு செக்போஸ்ட்டில் வண்டி நம்பரைப் பார்க்க மாட்டார்கள், மீசையைப் பார்த்து விடுவார்கள். சம்மந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டா?" என்றார்.

"அம்புட்டும்."

"ஒரு ஞாயித்துக்கிழமைக்கா?"

"எல்லா ஞாயித்துக்கிழமைக்கும்."

எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பேனாவை எடுத்தார், வைத்தார். "நேர்ந்தது நான்ல. உங்க தலைய மட்டும் குடுத்தா அது நல்லா இருக்காது. நானும் போட்டுக்கிறேன். ரெண்டு கிழட்டு மண்டை சேந்தா ஒரு பிள்ளை முடிக்கு ஈடாகும்னு நெனைக்கிறேன். ஆகாட்டி, அந்தத் தாயி பெத்தவதான, புரிஞ்சுக்குவாக." அப்புறம் குரலை இறக்கி, "அந்தக் கடிகாரம் ஓடல சம்மந்தி" என்றார்.

"ஓடல" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். மலையில் ஆள் ஏற்றுகிறவனுக்கு லீவு கேட்டுப் பழக்கம் இல்லை. யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கம் இல்லை.

"நானும் உங்கப்பாவும் வேளாங்கண்ணி போகலாம்னு இருக்கோம். மொட்டை போட. போகவா?"

மடிப்பதை நிறுத்தினாள். "யாரு மண்டைக்கு?"

"எங்க மண்டைக்குத்தான்."

"மீசையுமா?"

"ம். மீசையும்."

மறுபடி துணியை மடிக்க ஆரம்பித்தாள். "ஸ்வெட்டர் எடுத்துக்கங்க மாமா. கடல் காத்து" என்றாள்.

தை மாசம் போய் வந்தோம். பஸ்ஸில் போக ஒரு நாள், வர ஒரு நாள். ரெண்டு நாளும் சம்மந்தி பேசினார். திரும்பி வரும்போது என் மேலுதடு குளிர்ந்தது. அவர் தன் மண்டையைத் தடவித் தடவிப் பேசினார். பேத்தி எங்களைப் பார்த்து, "ரெண்டு தாத்தாவும் பாஸாயிட்டீகளா?" என்று கேட்டாள். செக்போஸ்ட்டில் அடுத்த நாள் வண்டியை ஓரங்கட்டி லைசென்ஸ் கேட்டார்கள்.

மாசி கடைசியில் ஒரு ஞாயிறு. பதினோரு மணி. நான் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். மருமகள் பேத்தியைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். தலையில் ரெண்டு சடை. சடை என்று சொன்னால் சடை கோபித்துக்கொள்ளும். ரெண்டு எலிவால். முடி நாலு விரல், மிச்சமெல்லாம் ரிப்பன்.

நான் பார்த்தேன். குழாயை மூடினேன். எலிவால் என்று சொன்னால் மருமகள் மனசு மாறிவிடும்.

"இது சடை இல்ல மாமா. எனக்கும் தெரியும்" என்றாள். "அதனால தனியா அனுப்ப மாட்டேன்."

பேத்தியை முன் சீட்டில் ஏற்றினாள். அவளும் ஏறி ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருசத்தில் அவள் என் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்தது இல்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினேன்.

"எங்க போறோம்?" என்று கேட்டாள்.

முப்பது வருசமாக ஏறுகிறவர்களை எங்கே போக என்று நான் கேட்டதில்லை. வண்டி போகிற இடம்தான் அவர்கள் போகிற இடம்.

"நீயே சொல்லும்மா" என்றேன்.

யோசித்தாள். பேத்தி மேகமலை என்றாள், வைகை டேம் என்றாள், மறுபடி மேகமலை என்றாள். மருமகள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தேன். டீசல் போய்க்கொண்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை.